காலையில் ஒரு மூடு, மாலையில் ஒரு மூடு: அது பைபோலாரா?

ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள் தங்கள் தோழியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "அவ சரியான பைபோலார்டி. காலையில கட்டிப்பிடிக்கிறா, மத்தியானம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா." இன்னொருத்தி சிரித்தாள்.

கிண்டலை விடுங்கள், அந்த வாக்கியமே தப்பு. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மாறுவது பைபோலாரின் அடையாளம் அல்ல. அப்படி மணிக்கணக்கில் மாறுவது நோயாகவே இருந்தாலும் அதற்கு வேறு பெயர், வேறு காரணம், வேறு சிகிச்சை.

நான் மருத்துவர் இல்லை. வீட்டில் ஒருவருக்காக இதையெல்லாம் படிக்க வேண்டி வந்தது. படிக்கப் படிக்கத் தெரிந்தது இதுதான்: 'மூட் ஸ்விங்' என்ற ஒரே பையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சங்கதிகளைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறோம். அதில் பெரியவை இரண்டு. ஒன்று இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார். மற்றது எல்லைநிலை ஆளுமைக் கோளாறு, அதாவது பார்டர்லைன். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

## எல்லோருக்கும் வரும் மூடு

மனம் ஏறி இறங்குவது நோய் இல்லை. சம்பளம் வந்த அன்று ஒரு நடை, மாதக் கடைசியில் ஒரு நடை. மாமியார் ஊரிலிருந்து வருகிறார் என்றால் ஒரு முகம், கிளம்புகிறார் என்றால் ஒரு முகம். இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. காரணத்துக்கு ஏற்ற அளவில்தான் மாற்றமும் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தணிந்தும் விடுகிறது.

காரணம், அளவு, காலம். இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பைபோலாரில் காலம் நீள்கிறது, பல சமயம் காரணமே தென்படுவதில்லை. பார்டர்லைனில் காரணம் உண்டு, ஆனால் அளவு எகிறிவிடுகிறது.

## நிற்காத மோட்டார்

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியை இப்போது பல வீடுகளில் மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கருவி கெட்டுப்போனால்? தொட்டி நிறைந்து, வழிந்து, மாடியெல்லாம் ஓடி, தெருவுக்கு வந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு நாள் சம்ப்பில் தண்ணீர் நிறைய இருந்தும், எத்தனை முறை ஸ்விட்சைத் தட்டினாலும் ஓடாது. தண்ணீரிலும் குறையில்லை, தொட்டியிலும் குறையில்லை. ஓட வேண்டிய நேரத்தையும் நிற்க வேண்டிய நேரத்தையும் முடிவு செய்யும் இடத்தில்தான் கோளாறு.

பைபோலார் ஏறத்தாழ இப்படித்தான். மோட்டார் நிற்காமல் ஓடும் காலத்துக்கு மனஎழுச்சி என்று பெயர். மருத்துவர்கள் 'மேனியா' என்பார்கள். ஓடவே ஓடாத காலம் மனச்சோர்வு.

மனஎழுச்சி என்றதும் பலரும் வெறும் சந்தோஷம் என்று நினைக்கிறார்கள். ஒரு மளிகைக்கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். திடீரென்று ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்குகிறார், ஆனால் களைப்பே இல்லை. முதல் நான்கு நாள் 'ஆளு என்ன சுறுசுறுப்பு' என்று தெருவே பாராட்டுகிறது. அப்புறம் அதிகாலை இரண்டு மணிக்குச் சொந்தக்காரர்களுக்கு போன் போடுகிறார். ஒரே மாதத்தில் நாலு ஊரில் கிளை திறப்பதாகத் திட்டம். வட்டிக்கு வாங்கி அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ஒரு பேச்சை முடிக்குமுன் அடுத்த பேச்சு. யாராவது தடுத்தால் கோபம் கொப்பளிக்கிறது. சிலருக்கு இது இன்னும் ஏறி, தனக்குத் தனிச் சக்தி வந்திருப்பதாக, கடவுளே தன்னோடு பேசுவதாகத் தோன்றும். இந்தக் கட்டத்தில்தான் பல வீடுகளில் 'சாமி வந்திருக்கு', 'யாரோ செய்வினை வச்சுட்டாங்க' என்ற பேச்சு தொடங்குகிறது.

இந்த நிலை ஒரு வாரமாவது நீடித்தால்தான் மேனியா என்பது மருத்துவக் கணக்கு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றிவிட்டால் அந்தக் கணக்கு தேவையில்லை. இதே குணங்கள் வேலையும் குடும்பமும் குலையாத அளவுக்கு, குறைந்தது நான்கு நாள் இருந்தால் அது ஹைப்போமேனியா, அதாவது குட்டி மேனியா. மனச்சோர்வுக்கு வரம்பு இரண்டு வாரம். முழு மேனியா ஒரு முறை வந்துவிட்டாலே முதல் வகை பைபோலார். குட்டி மேனியாவும் கடும் மனச்சோர்வும் மட்டும் வந்தால் இரண்டாம் வகை.

இரண்டாம் வகையைக் கண்டுபிடிப்பது சிரமம். குட்டி மேனியாவில் இருப்பவர் 'எனக்கு உற்சாகம் அதிகமாக இருக்கிறது' என்று டாக்டரிடம் போவாரா? சோர்வில் விழுந்தபோதுதான் போவார். டாக்டர் பார்ப்பது பாதிப் படம். வெறும் மனச்சோர்வு என்று முடிவாகி, பெயர் சரியாக அமையப் பல வருடங்கள் ஆகிவிடும்.

அந்த ஷேர் ஆட்டோப் பேச்சுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரே வருடத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ இந்த ஏற்ற இறக்கம் வந்தால் அதை 'வேகச் சுழற்சி' என்கிறார்கள். நாளுக்கு நான்கு என்று வாசித்துவிடாதீர்கள், வருடத்துக்கு நான்கு. பைபோலாரில் வேகம் என்றால் அவ்வளவுதான். இரண்டு சுழற்சிகளுக்கு நடுவே பலர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

## மோட்டாருக்குள் என்ன கோளாறு?

தொட்டி உவமை இதற்கு மேல் உதவாது. மூளைக்கு வருவோம்.

எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது, எப்போது பசிப்பது என்பதையெல்லாம் நடத்த உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்புத்திரள் வெளிச்சத்தை வைத்து நாள்தோறும் அதைச் சரிசெய்கிறது. பைபோலார் உள்ளவர்களுக்கு இந்தக் கடிகாரம் சுலபமாகத் தடம் மாறும். நமக்கு இரண்டு இரவு தூக்கம் கெட்டால் மூன்றாம் நாள் அசந்து தூங்கிவிடுவோம். அவர்களுக்குத் தூக்கம் கெட்டதே மேனியாவைக் கிளப்பிவிடலாம். மேனியா தூக்கத்தைக் குறைக்கும், குறைந்த தூக்கம் மேனியாவை ஏற்றும். கல்யாண வீடு, திருவிழா, ராத்திரி ஷிஃப்ட், பரீட்சைக்குக் கண்விழிப்பது எல்லாம் இவர்கள் விஷயத்தில் சின்ன சமாச்சாரங்கள் இல்லை. பிரசவத்துக்குப் பிறகான சில வாரங்களும் அப்படித்தான். அந்த நாட்களில் நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம் என்பதால், கர்ப்பமாகும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

இன்னொரு பக்கம் டோபமைன். நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படும் வேதிப்பொருட்களில் ஒன்று அது. 'இதைச் செய், நன்றாக இருக்கும்' என்ற உந்துதலைத் தருவது. மேனியாவில் இதன் ஆட்டம் கூடுகிறது என்பதற்கு நிறைய அறிகுறிகள் உண்டு. ஆனால் 'கெமிக்கல் குறைஞ்சுபோச்சு' என்று ஒரே வரியில் முடிக்கிற அளவுக்கு இது எளிதல்ல.

பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரே ஜீன் என்று எதுவும் கிடையாது, நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து செய்யும் வேலை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம், அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவு. அதையே திருப்பிச் சொன்னால், பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை. வரன் பார்க்கிற இடத்தில் இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதுவரை பார்த்தது: பைபோலார் என்பது நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீளும் ஏற்ற இறக்கம். தூக்கமும் சக்தியும் சேர்ந்தே மாறும். இடையில் மனிதர் பழைய மனிதராக இருப்பார்.

## பூனை குதித்தாலும் அலறும் கார்

இப்போது அடுத்தது. 'பார்டர்லைன்' என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சர்க்கரை. 'பார்டர்லைன் சுகர், பயப்பட ஒண்ணுமில்ல' என்று லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வார்களே, அது. அதனால் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்றாலும் 'லேசா இருக்கு, இன்னும் முழுசா வரல' என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற நியூயார்க் மருத்துவர், அந்தக் கால மனநோய்ப் பட்டியலின் இரண்டு பெரிய பிரிவுகளில் எதிலும் அடங்காமல் எல்லையில் நின்ற சிலரைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அந்தப் பட்டியல் மாறிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கஷ்டம் எல்லையில் நிற்பதில்லை, முழுசாகவே இருக்கிறது.

தெருவில் நிறுத்தியிருக்கும் சில கார்களைப் பார்த்திருப்பீர்கள். பூனை பானெட்டில் குதித்தால் போதும், திருடனே வந்ததுபோல் அலறும். சாவி வைத்திருப்பவர் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வரும்வரை தெரு முழுக்கக் கேட்கும். இதில் மூன்று குணங்கள் உண்டு. சின்னத் தொடுதலே போதும். சத்தம் அதிகம். அடங்க நேரம் ஆகும். பார்டர்லைன் உள்ளவரின் உணர்ச்சிகளும் இப்படித்தான்: சீக்கிரம் தூண்டப்படும், பெரிதாக எழும், மெதுவாகத் தணியும்.

பெரும்பாலும் அந்தப் பூனை ஓர் உறவு. வாட்ஸாப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை. சிநேகிதி வேறு ஒருத்தியோடு சினிமாவுக்குப் போய்விட்டாள். கணவர் 'அப்புறம் பேசலாம்' என்று போனை வைத்துவிட்டார். நமக்கு இது சின்ன வருத்தம். அவருக்கு 'என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறார்கள்' என்ற பீதி. கைவிடப்படுவோம் என்ற இந்தப் பயம்தான் இக்கோளாறின் மையம். பயத்தில் இருபது முறை போன் போடுவார், கெஞ்சுவார், அடுத்த நிமிடம் திட்டுவார். நேற்று தெய்வமாகத் தெரிந்தவர் இன்று துரோகியாகத் தெரிவார். நடுவில் 'நல்லவர்தான், இன்று மறந்துவிட்டார்' என்ற இடம் அகப்படாது. சாயங்காலம் பதில் வந்தால் எல்லாம் அடங்கலாம். அடங்கிய பிறகு 'ஏன் இப்படி நடந்துகொண்டேன்' என்ற வெட்கம் வந்து உட்காரும். எதுவும் நடக்காத நாளில் உள்ளே ஒரு வெறுமை, 'நான் யார்' என்ற குழப்பம். வலி தாங்காமல் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்களும் உண்டு. அதைக் 'கவனத்தை ஈர்க்கப் பண்றா' என்று ஒதுக்குவது கொடுமை. அலாரம் வீணாக அடித்தாலும் சத்தம் நிஜமானது. உள்ளே இருப்பவருக்கு வலியும் அப்படித்தான்.

இந்த ஏற்ற இறக்கம் சில மணி நேரம் நீடிக்கும். ஓரிரு நாளைத் தாண்டுவது அபூர்வம்.

மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதிக்கு அமிக்டலா என்று பெயர், பாதாம் பருப்பு அளவில் இருக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி 'பொறு, இது பூனைதான்' என்று அதை அடக்கும். பார்டர்லைனில் முன்னது சீக்கிரம் விழித்துக்கொள்கிறது, பின்னது அடக்கத் திணறுகிறது. இந்த அமைப்பு பிறவியிலேயே கொஞ்சம் உண்டு. வளர்ந்த சூழலும் சேர்ந்துகொள்கிறது. சின்ன வயதில் அடி, வன்முறை, பாலியல் சீண்டல் போன்றவற்றை அனுபவித்தவர்கள் இவர்களில் பலர். ஆனால் எல்லோரும் அல்ல. மென்மையான பிள்ளையிடம் 'இதுக்கெல்லாமா அழுவாங்க?' என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தாலும், தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும் அதைத் தணிக்கவும் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளாமல் போகலாம்.

## இரண்டு கேள்விகள்

குழம்பும்போது இந்த இரண்டைக் கேளுங்கள். எத்தனை நாளாக? எது தொட்டது?

மூன்று வாரமாக இப்படி, குறிப்பாக எதுவும் நடக்கவில்லை, தூக்கம் பாதியாகிவிட்டது என்றால் பைபோலார் பக்கம் யோசிக்க இடமுண்டு. காலையிலிருந்து இப்படி, அவனோடு சண்டை, ஆனால் பத்து வருடமாகவே யாரோடு நெருங்கினாலும் இதே கதை என்றால் பார்டர்லைன் பக்கம். பைபோலார் வந்து போவது, பார்டர்லைன் கூடவே இருப்பது.

முடிவு செய்வது நம் வேலை அல்ல. ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இவை தெரியாது. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, போதைப்பொருள் ஆகியவையும் இதே மாதிரி ஆட்டிவைக்கும். அவற்றை முதலில் விலக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. இரண்டிலுமே தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம்.

## பேட்டரியில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும்

பெயர் எதுவானால் என்ன என்று கேட்கலாம். மருத்துவத்தில் இரண்டும் இரண்டு திசை.

பைபோலாருக்கு மருந்துதான் முதுகெலும்பு. அதில் பழையதும் பேர்போனதும் லித்தியம். உங்கள் செல்போன் பேட்டரியில் இருக்கிறதே, அதே தனிமம். மாத்திரையில் உப்பு வடிவில் இருக்கும். சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக மூன்றரை வருடம் கழித்து ஊர் திரும்பிய ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், வேறு ஏதோ ஒன்றைத் தேடி கினிப் பன்றிகளுக்கு லித்தியம் ஊசி போட்டார். அவை அமைதியாகிவிட்டன. தானே விழுங்கிப் பார்த்தார். பிறகு ஐந்து வருடமாக மேனியாவில் இருந்த ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். அவர் தேறி வீட்டுக்குப் போனார். 1949-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆனால் அந்த முதல் நோயாளி பிற்பாடு லித்தியத்தின் நச்சுத்தன்மையாலேயே இறந்தும் போனார். ரத்தத்தில் அளவு பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை.

இன்று இருக்கிறது. லித்தியம் சாப்பிடுபவர் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. நம்மூர் மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்தாலோ, திடீரென்று உப்பைக் குறைத்தாலோ ரத்தத்தில் அளவு ஏறிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் ஏற்றும். கை அதிகமாக நடுங்கி, நாக்குக் குழறி, நடை தள்ளாடினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேறு மருந்துகளும் உண்டு. அவற்றில் வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும் என்பதைப் பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்னொன்று: பைபோலார் என்று தெரியாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது நேரே மேனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். பெயர் சரியாகத் தெரிய வேண்டும் என்பது இதனால்தான்.

பார்டர்லைனுக்கு என்றே ஒரு மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் தூக்கமின்மைக்கோ மனச்சோர்வுக்கோ கொடுப்பார்கள். முக்கிய வேலையைச் செய்வது பேச்சுச் சிகிச்சை. அதில் நன்கு ஆராயப்பட்டது டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) எனப்படும் முறை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கியது. அதன் அடிநாதம் இதுதான்: நீ இப்போது இருக்கிறபடியே ஏற்கத்தக்கவள், நீ மாறவும் வேண்டும், இரண்டும் ஒருசேர உண்மை. தத்துவமாக நின்றுவிடாமல், சமையல் கற்றுக்கொடுப்பதுபோல் பயிற்சி உண்டு. உதாரணம், கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது மூச்சைப் பிடித்து முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது. உடல் தன் அனிச்சையால் இதயத் துடிப்பைக் குறைக்கும், தலை கொஞ்சம் தெளியும். (இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.) லினெஹன் 2011-இல் தன் கதையை வெளிப்படையாகச் சொன்னார். 17 வயதில் இதே மாதிரிக் கொந்தளிப்போடு மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர் அவர்.

'ஆளுமைக் கோளாறுன்னா பிறவிக்குணம், மாறாது' என்பதும் தவறு. இவர்களைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலோரின் அறிகுறிகள் நோய் என்று சொல்ல முடியாத அளவுக்குக் குறைந்திருக்கின்றன. வேலையும் உறவும் சீராவதுதான் இன்னும் மெதுவாக நடக்கிறது.

## வீட்டில் இருப்பவர்களுக்கு

மேனியாவில் இருப்பவரோடு ராத்திரி இரண்டு மணிக்கு வாதாடிப் பயனில்லை. நாலு கிளைத் திட்டத்தில் ஓட்டை எங்கே என்று நீங்கள் காட்டக் காட்ட அவருக்கு வேகம்தான் கூடும். குரலைத் தாழ்த்தி, விளக்கைக் குறைத்து, கூட்டத்தைக் கலைத்து, டாக்டரை அழையுங்கள். பேச வேண்டியதைத் தெளிந்த நாட்களில் பேசி வையுங்கள்: தூக்கம் குறைந்தால் யார் முதலில் சொல்வது, ஏடிஎம் கார்டும் வண்டிச் சாவியும் யாரிடம் இருப்பது. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு ஒரு வழியே வைத்திருக்கிறது. நோய்வாய்ப்படும் நேரத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேசுவது என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அப்படியொரு வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

பார்டர்லைனில் வேறு மாதிரி. மகள் அழுகிறாள், சிநேகிதி பதில் போடவில்லை. 'இதுக்குப் போயா?' என்பது நெருப்பில் எண்ணெய். 'அவ பதில் போடாதது உனக்கு ரொம்ப வலிச்சிருக்கும்மா' என்று முதலில் சொல்லுங்கள். அவள் முடிவை நீங்கள் ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை. வலிப்பதை மட்டும்தான் ஒப்புக்கொள்கிறீர்கள். அறிவுரையெல்லாம் அரை மணி நேரம் கழித்து. அதேசமயம் மிரட்டலுக்குப் பயந்து தினம் ஒரு விதியை மாற்றாதீர்கள். 'ராத்திரி பத்து மணிக்கு மேல போன் எடுக்க மாட்டேன், காலையில கண்டிப்பா கூப்பிடுவேன்' என்றால், காலையில் கண்டிப்பாகக் கூப்பிட வேண்டும்.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பைபோலாருக்கு அது தூக்கம் கெடும் ஒரு வாரம். பார்டர்லைனுக்குக் கைவிடப்படும் பயத்தின் புது வாசல். வீட்டுக்கு வருகிறவருக்கோ சொல்லாமல் மறைத்த விஷயம்.

## முதல் முறை டாக்டரிடம் போகும்போது

2015–16-இல் பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பைபோலார் உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சை வளையத்துக்கு வெளியே இருந்தார்கள். போனவர்களுக்கும் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. அதனால் ஒரு நோட்டில் இரண்டு வாரத்தையாவது எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை மணிக்கு விழிப்பு, அன்று மனம் எப்படி, அதற்கு முன் என்ன நடந்தது, பணம் எவ்வளவு செலவானது, என்ன மாத்திரை. சோர்வோடு போனாலும் 'இதற்கு முன் எப்போதாவது தூங்காமல், களைக்காமல், அளவுக்கு மீறிய தெம்போடு இருந்ததுண்டா' என்பதற்கான பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் நோட்டு, அப்பாயின்ட்மென்ட் எதற்கும் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் 1926.